மஸ்கட் பெட்டி எடுத்த சீட்டு

மஸ்கட்டுக்கு வயரிங் வேலைக்குப் போன தோமினிக், ஊர் திரும்பும்போது மனைவி ஹெலனுக்கு வளையல் வாங்கி வரவில்லை. கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அவருடைய இல்லற வாழ்க்கையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைக்கும்படி ஹெலன் சொல்லி வைத்திருந்தாள்.

நடந்தது எண்பதுகளின் நடுவில். கூடப் போனவர்கள் எல்லாரும் தங்கமும் சென்ட் பாட்டிலும் பூப்போட்ட கம்பளியுமாக வந்து இறங்கினார்கள். இவர் சூட்கேஸைத் திறந்தால், தட்டையாக ஒரு கறுப்புப் பெட்டி, அதன் மேல் வரிசை வரிசையாக ரப்பர் பட்டன்கள். டிவியில் சொருகினால் கம்ப்யூட்டர் ஆகிவிடும் என்றார். வீட்டில் அப்போது டிவி கிடையாது. இனி உலகமே இதில்தான் ஓடப்போகிறது என்று மாமனாருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஹெலன் தன் வெறுங்கையை நன்றாக நீட்டி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி காபி டம்ளரை வைத்தாள். அந்த டம்ளர் வைத்த சத்தம் இன்றைக்கும் தோமினிக் காதில் இருக்கிறது.

உலகம் ஓடத்தான் செய்தது. அந்தப் பெட்டியில் ஓடவில்லை, அவ்வளவுதான். டிவி வந்த பிறகு பிள்ளைகள் கொஞ்ச நாள் அதில் ஒரு புள்ளியைத் துரத்தி விளையாடினார்கள். பிறகு பெட்டி ஒரு பழைய போர்வைக்குள் சுருண்டு பரண் ஏறியது.

தோமினிக் உழைப்பில் குறை வைத்தவர் அல்ல. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வயரிங் வேலை. ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் ஹாரன், கேபினைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு, எல்லாம் அவர் கைவேலை. தினமும் சேலத்திலிருந்து பஸ். வழியில் புதுச்சத்திரம் வந்தால் மட்டும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது போல இருப்பார். அது மாமியார் ஊர். மாமியாருக்கும் வளையல் விஷயம் மறக்கவில்லை.

ஹெலன் வேறு ரகம். வீட்டில் நைட்டி தைத்து செவ்வாய்ப்பேட்டைத் துணிக்கடைகளுக்குப் போடுகிறவள். சும்மா இருக்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஓடாத வாஷிங் மெஷினில் அரிசி கொட்டி வைத்திருந்தாள். உடைந்த ஃபேன் இறக்கை மாடியில் வடகத்துக்குக் காவல் நின்றது. தோமினிக் ரிட்டையர் ஆன மறுநாள் காலை, நைட்டிக் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் போடும் வேலை அவர் மடியில் விழுந்தது. அவர் அதைச் சுமாராகத்தான் செய்தார் என்று ஹெலன் சொல்வாள். அது உண்மைதான்.

இந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு வீட்டை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது போர்வை கீழே இறங்கியது. பழைய இரும்புக்காரர் தராசோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோமினிக் ஓடிவந்து பெட்டியை வாங்கி, குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல சும்மா இருக்கறதுக்குன்னு எதையும் வச்சதில்லீங்க" என்றாள் ஹெலன். "அது ஒரு வேலை செய்யட்டும், இருந்துட்டுப் போகட்டும். திருவிழா முடியறதுக்குள்ள ஒண்ணும் செய்யலீன்னா, அடுத்த தடவ இவரு வாரப்ப எடைக்குப் போயிரும்."

தோமினிக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. வாழ்க்கையில் அவர் யாரையும் கேட்காமல், தன் ஆசைக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. அதை எடைக்குப் போட்டால், அன்றைக்கு அந்தக் கடையில் நின்ற இருபத்தாறு வயது தோமினிக் முட்டாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஹெலன் நாற்பது வருஷமாக அதைத்தான் சொல்லிவந்தாள். அவர் ஒப்புக்கொண்டதில்லை.

வேலையில் இறங்கினார். கரண்ட் கொடுக்கும் அடாப்டர் உப்பிப் போயிருந்தது. வேறொன்று செய்தார். பட்டன்களுக்கு அடியில் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் நாடா அப்பளமாக நொறுங்கியது. நொறுங்கிய நுனியை பிளேடால் சீவிவிட்டு, நல்ல இடத்தைப் பார்த்துத் திரும்பச் சொருகினார். புது டிவியின் ஆன்டெனா ஓட்டையில் ஒயரை விட்டு, சேனல் தேடிக்கொண்டே போனார். கடைசியில் வெள்ளைத் திரையில் நான்கு ஆங்கில வார்த்தைகள் வந்து நின்றன. தோமினிக் சிலுவை போட்டுக்கொண்டார். பழைய கேசட் பிளேயரும் ஒத்துழைத்தது. இந்தப் பெட்டி தான் படிக்க வேண்டியதை கேசட்டிலிருந்துதான் படிக்கும். கரண்டை நிறுத்தினால் அத்தனையும் மறந்துபோகும். மறுபடியும் கேசட்டைக் கீச்சுக் கீச்சென்று ஓடவிட வேண்டும்.

இனி இதற்கொரு உத்தியோகம் தேட வேண்டும். முதலில் மளிகைச் சிட்டை. ரப்பர் பட்டனை ஒவ்வொன்றாக அமுக்கி, துவரம்பருப்பு வரை ஆங்கில எழுத்தில் அடித்து நிமிர்ந்தபோது, ஹெலன் கடைவீதிக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்து இட்லிக்கு மணி அடிக்கும் வேலை. கேசட் ஓடி முடிந்து பெட்டி தயார் ஆவதற்குள் இட்லி வெந்து, ஆறி, தோமினிக்கின் தட்டுக்கே வந்துவிட்டது. மூன்றாவதாக, மாத்திரை சாப்பிடச் சொல்லி நினைவூட்டும்படி செய்தார். அது ஹெலன் சீரியல் பார்க்கும் நேரமாக அமைந்ததால், டிவியை விட்டுக்கொடுக்க அவள் மறுத்தாள். அவர் மாத்திரை சாப்பிடவும் மறந்தார்.

"பாவமுங்க அது" என்றாள் ஹெலன், பெட்டியைப் பார்த்து. அவள் இரக்கப்பட்டது தோமினிக்குக் கோபத்தை விட அதிகமாக வலித்தது.

அப்போதுதான் மாதா விஷயம் வந்தது.

சந்தில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபம் செய்யும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். குழுவுக்கென்று ஒரு மாதா சுரூபம், அதாவது சிலை, உண்டு. அது வாரத்துக்கு ஒரு வீட்டில் தங்கும். அந்த வாரம் முழுக்க சாயங்காலம் எல்லாரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள், காபி குடிப்பார்கள், வீட்டுக்காரர்களின் பெயிண்டைக் குறை சொல்வார்கள். அடுத்த வீடு எது என்று ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இதில் ஒரு விசேஷம். ஏற்கெனவே மாதா போன வீட்டின் சீட்டைக் குலுக்கலிலிருந்து நீக்க மாட்டார்கள். மாதாவை வரிசைப்படி வரச் சொல்ல இது என்ன ரேஷன் கடையா, அவருக்கு எங்கே பிடிக்கிறதோ அங்கே போகட்டும் என்று எந்தக் காலத்திலோ கோயிலில் செபம் சொல்லிக்கொடுத்த ஒரு உபதேசியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் சில வீடுகளுக்கு மாதா அடிக்கடி போனார். ஹெலன் வீட்டுக்கு மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை.

ஹெலன் அதைப் பற்றிப் பேசமாட்டாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹாலில் இருந்த மர ஸ்டாண்டைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, ஒன்றும் நடக்காதது போலக் குலுக்கலுக்குப் போவாள். திரும்பி வந்து துணியை மடித்து வைப்பாள். தோமினிக் அதைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொள்வார்.

அந்த வாரம் குலுக்கலில் சண்டை மூண்டது. சீட்டு எடுக்கும் குழந்தைக்கு யாரோ சாக்லேட் கொடுத்து, தடிச் சீட்டாகப் பார்த்து எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். தடிச் சீட்டு காலண்டர் அட்டையில் எழுதியது. தன் பெயரைக் காலண்டர் அட்டையில் எழுதிப் போட்டவர் அன்பியத்தின் தலைவி, ரிட்டையர்டு ஆசிரியை இன்பமேரி டீச்சர். தன் மேல் பழி வந்ததும், இனிமேல் இந்தச் சீட்டை நான் தொடமாட்டேன் என்று டீச்சர் எழுந்துவிட்டார். அப்போது தோமினிக் தொண்டையைச் செருமினார்.

"நம்மகிட்ட ஒரு பெட்டி இருக்குதுங்க டீச்சர். அதுக்குச் சொந்தபந்தமும் கிடையாது, சாக்லேட்டும் திங்காது" என்றார்.

மறுநாள் ஹெலன் கடைக்கு நைட்டி கொண்டுபோன நேரத்தில் உட்கார்ந்து பெயர்களை அடித்தார். முதல் பெயராக ஹெலனைப் போட்டார். அன்பு என்று யாரும் அவசரப்பட வேண்டாம். பெட்டி சொதப்பினால், என் பேரையாவது போட்டீங்களா என்று அவள் கேட்பாள், அப்போது மேலேயே காட்டிவிடலாம் என்கிற முன்ஜாக்கிரதைதான். பிறகு நான்கைந்து தடவை ஓட்டிப் பார்த்தார். முதலில் ஹெலன் என்றது. சிரித்துக்கொண்டார். அடுத்தடுத்து வேறு வேறு பெயர்கள் வந்தன. திருப்தியோடு கேசட்டில் ஏற்றி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு குழு முழுவதும் தோமினிக் வீட்டுக்கு வந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதல்லவா. கேசட் கீச்சிட்டது. ஒரு பெண் அதைப் பிசாசு கத்துவது போல இருக்கிறது என்று சொல்லி, டீச்சரின் பார்வைக்குப் பயந்து நிறுத்திக்கொண்டாள். எல்லாரும் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். தோமினிக் பட்டனை அமுக்கினார். திரையில் பெரிய ஆங்கில எழுத்துகளில் வந்தது ஹெலன் பெயர்.

ஹெலன் அழுதுவிட்டாள். வெள்ளைத் துணி விரித்த ஸ்டாண்டில் சுரூபத்தை அவளே தூக்கி வைத்தாள். அன்று எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கையில், இவர் வளையலுக்குப் பதிலாக இதை ஏன் வாங்கினார் என்று நாற்பது வருஷமாகக் கேட்டேன், இப்போதுதான் பதில் கிடைத்தது என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னாள். தோமினிக் சட்டென்று சமையலறைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு டம்ளரைக் கழுவினார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஜெயித்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கேசட் மறுபடி கீச்சிட்டது, அருள்நிறை மந்திரம் சொன்னார்கள், பட்டனை அமுக்கினார். ஹெலன். வீடு முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. சில பெண்கள் சுரூபத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாதாவுக்கு இந்த வீடு பிடித்துவிட்டது என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் ஹெலன் பெயர் வந்தது. பக்கத்துக் கோயில் பங்குகளிலிருந்தெல்லாம் ஆட்கள் மெழுகுவத்தியோடு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் பெட்டிக்கும் சேர்த்து மாலை வாங்கி வந்தார். தோமினிக் அதை அவசரமாக வாங்கி மாதாவுக்கே போட்டார்.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. மாதா மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் வயரிங் வேலை பார்த்தவருக்கு, ஒரே பல்பு மூன்று தடவை தானாக எரிந்தால் முதலில் ஒயரைத்தான் பார்க்கத் தோன்றும். ஹெலன் பூ வாங்கப் போன ஒரு மத்தியானம் பெட்டியைத் தட்டினார். ஹெலன். கரண்டை நிறுத்தி, கேசட்டை மறுபடி ஓட்டித் தட்டினார். ஹெலன். இன்னொரு தடவையும் ஹெலன்தான். விஷயம் விளங்கிவிட்டது. பெட்டி குலுக்கவே இல்லை. மனப்பாடம் செய்த ஒரு வரிசையை, ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் முதலிலிருந்து ஒப்பிக்கிறது. அந்த வரிசையில் முதலில் வருவது முதல் பெயர். சோதித்துப் பார்த்த அன்று கரண்டை நிறுத்தாமல் தொடர்ந்து ஓட்டியதால் வேறு பெயர்களும் வந்திருக்கின்றன. உண்மையிலேயே குலுக்க வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஒரு கட்டளையைச் சேர்த்திருக்க வேண்டும். அவர் சேர்க்கவில்லை.

வெறும் ஒரு வார்த்தைதான். சேர்த்துவிட்டால் பெட்டி யோக்கியமாகிவிடும். ஆனால் ஹெலன் தினமும் காலையில் சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நைட்டி தைத்துக்கொண்டே அதனோடு பேசிக்கொண்டிருந்தாள். பொல்லாத மெஷின், புது ரேட் கேட்கும் கடைக்காரர், பெங்களூரில் இருக்கும் மகனின் சளி என்று ஒரு அக்கா தங்கையிடம் பேசுவது போலப் பேசினாள். அவளிடம் போய், மாதா உன்னைத் தேடி வரவில்லை, நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை எதிர்வீட்டு பிரின்சி வந்தாள். அவள் கணவன் ஜூட், போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலை பார்ப்பவன். மாசக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டான். இந்த வாரம் வந்திருந்தான். அடுத்த வாரம் கடைசியில் திரும்பப் போய்விடுவான். அவன் இருக்கும்போது மாதா தன் வீட்டுக்கு வந்தால் சேர்ந்து உட்கார்ந்து ஒரு செபமாலை சொல்லலாம், கல்யாணமாகி இன்னும் அப்படி உட்கார்ந்ததே இல்லை என்றாள்.

"பெட்டிகிட்ட கொஞ்சம் சொல்லிப் பாருங்க மாமா" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பெட்டியிடம் சொன்னால் கேட்கும் என்பதுதான் தோமினிக்கின் அவஸ்தை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு மத்தியானம் ஹெலன் சுண்டலுக்கு ஊறிய கடலையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் அருகில் நின்றார். எங்கேயோ ஆரம்பித்து, கரண்ட், கேசட், மனப்பாடம் என்று சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார்.

"தெரியுமுங்க" என்றாள் ஹெலன்.

தோமினிக் அருகில் இருந்த, அரிசி கொட்டிய வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வாரமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் மத்தியானம் தூங்கும்போது, சும்மா கிடக்கிறதே என்று பெட்டியைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கேசட் போடுவதும் பட்டனை அமுக்குவதும் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். மறுபடி மறுபடி தன் பெயரே வந்ததும், அவர் செய்வது போல எதையோ தட்டிப் பெயர் வரிசையைத் திரையில் வரவழைத்துப் பார்த்துவிட்டாள். அவள் தையல்காரி. ஒரே இடத்தில் நூல் அறுந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாதா?

"அப்பறம் ஏன் சொல்லல நீ?"

ஹெலன் கொண்டைக்கடலையைத் தண்ணீரில் அளைந்துகொண்டே இருந்தாள்.

"மாதா என் பேர எடுக்கலீன்னு தெரிஞ்சப்ப அழுகையா வந்துச்சுங்க. அப்பறம் பார்த்தா, அத்தன பேர்லயும் நீங்க என் பேர மொதல்ல எழுதி வச்சிருக்கீங்க. நான் கேக்கவே இல்ல. அதையாச்சும் கொஞ்ச நாளைக்கு நானே வச்சுக்கறேன்னு இருந்துட்டேன்."

தோமினிக் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். முன்ஜாக்கிரதை என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாழ்நாளில் அபூர்வமாகச் சில சமயம்தான் அவருக்குப் புத்தி சரியான நேரத்தில் வேலை செய்யும். வாயை மூடிக்கொண்டார். தனக்கே தெரியாமல் தான் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று நினைத்ததும், அதை இன்னும் முன்னாலேயே, தெரிந்தே செய்திருக்கலாமே என்று இருந்தது.

பிரின்சி கேட்டதைச் சொன்னார். ஒரு வார்த்தை சேர்த்தால் பெட்டி நிஜமாகவே குலுக்கும் என்றும் சொன்னார். ஹெலன் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். குலுக்கினால் ஜூட் ஊரில் இருக்கும்போது பிரின்சி பெயர் வரும் என்பது என்ன நிச்சயம் என்று கேட்டாள். ஒன்றும் நிச்சயமில்லை என்றார் அவர். அப்படியானால் அந்த வார்த்தை வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். மாதா இந்த வாரமும் நகரமாட்டார் என்று பந்தயம் கட்டாத குறைதான். கேசட் கீச்சிட்டது. தோமினிக்கின் விரல் பட்டனில் பட்டது. திரையில் பிரின்சி என்று வந்தது. ஜூட் யாரையோ தேடுவது போலச் சுற்றும் முற்றும் பார்த்தான். பிரின்சி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இன்பமேரி டீச்சர், மாதாவின் சித்தம் எப்போதும் நேரம் பார்த்துத்தான் வரும் என்று விளக்கினார். ஆமாங்க டீச்சர் என்றாள் ஹெலன், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல். தோமினிக் அவசரமாகக் குனிந்து, கழலாத ஒரு ஒயரைச் சரிசெய்தார். மாதா பாட்டை அன்று எல்லாரையும் விட உரக்கப் பாடியவள் ஹெலன்தான். சுரூபத்தைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, இருவரும் திரும்பி வந்தார்கள்.

ஸ்டாண்ட் காலியாக இருந்தது. ஹெலன் வெள்ளைத் துணியை எடுத்து மடித்தாள். தோமினிக் பழைய போர்வையை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் போனார். திருவிழா அடுத்த வாரம் முடிகிறது. பெட்டி செய்த ஒரே வேலையும் இன்றோடு முடிந்தது, கெடு என்றால் கெடுதான்.

"கழட்டாதீங்க" என்றாள் ஹெலன். "அடுத்த ஞாயித்துக்கு டீச்சர் பேர மொதல்ல போட்டு வைங்க."

அந்த டீச்சரா, காபிக்கு இருமல் மருந்து மாதிரி அளந்து பால் ஊற்றுகிறவரா என்று கேட்டார்.

"தனியாத்தான் கெடக்கறாங்க அந்தம்மா. ஒரு வாரம் அத்தன பேரும் போயி உக்காந்து பேசுனா நல்லா இருக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "பாலும் லிட்டர் கணக்குல வாங்கட்டும்" என்றாள்.

தோமினிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எந்தக் கணக்கில் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியானால் மாதாவின் விருப்பம் என்று ஒன்று இல்லையா என்று மெல்லக் கேட்டார்.

ஹெலன் டிவிக்கு முன்னால் தையல் முக்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரச் சொன்னாள்.

"அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்குதுங்க. இதையாச்சும் நாம பாத்துக்கலாம்."

தோமினிக் உட்கார்ந்து இன்பமேரி டீச்சரின் பெயரை அடிக்க ஆரம்பித்தார்.